அம்மா சொன்னதும் நான் டைப் அடித்ததும்

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். உன் கல்யாணத்தை அறிவிக்கும் இரண்டாவது ஓலையும் மாதா கோயில் பூசையில் வாசித்தாயிற்று என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நடுவில் நிறுத்தி, அம்மா எழுதிய மெயில் எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறதல்லவா, அவற்றை பிரிண்ட் எடுத்து வையுங்கள், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அம்மாவின் பேச்சு எப்படியிருக்கும் என்று தெரியவேண்டும் என்றாய். எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அப்போதிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஒரு தகப்பன் எழுதக்கூடிய கடிதம் இல்லை இது. ஆனால் அதற்குப் பிறகு எழுதினால் நான் இன்னும் கெட்டவனாகிவிடுவேன். அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

நீ அமெரிக்கா போன முதல் வருடம் உன் அம்மா தன் கையாலேயே எழுதினாள், உனக்கு நினைவிருக்கும். நீல நிற ஏரோகிராமில் பெரிய பெரிய எழுத்தாக, ஓரமெல்லாம் நிரப்பி எழுதுவாள். ஒரு கடிதம் எழுத அவளுக்கு மூன்று நாள் ஆகும். அது உன்னிடம் வந்து சேரப் பதினைந்து நாள். பிறகு நீ லீவில் வந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் எனக்கு ஒரு மெயில் கணக்கு திறந்து கொடுத்தாய். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டாய். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் போதும், அடுத்த நிமிடம் அமெரிக்காவில் கிடைத்துவிடும் என்றாய். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு ஏரோகிராம் வாங்குவதை விட்டுவிட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவள் சொல்வதை நான் அடிப்பேன், நீ எழுதியதை நான் வாசித்துக் காட்டுவேன். உனக்கும் அவளுக்கும் நடுவில் அன்றைக்கு நான் வந்து உட்கார்ந்தேன். நாங்கள் மூன்று பேருமே அதை வசதி என்றுதான் நினைத்தோம்.

அடுத்தவர் சொல்வதை அடிப்பது எனக்குப் புதிதில்லை. கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாட்சி, "கும்மிருட்டா இருந்துச்சுங்கய்யா" என்று சொன்னார். நான் அழகாக இருக்கட்டும் என்று 'போதிய வெளிச்சம் இல்லை' என்று அடித்தேன். ஜட்ஜ் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அவர் சொன்னதை அடியுங்கள், நீங்கள் நினைப்பதை அடிக்காதீர்கள் என்றார். அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகும்வரை ஒரு சாட்சியின் வார்த்தையைக்கூட நான் மாற்றியதில்லை. வீட்டில் மாற்றினேன். முதலில் சின்னச் சின்னதாக. உன் அம்மா உன்னைக் 'கண்ணு' என்றுதான் தொடங்குவாள், அவள் பிறந்த ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பேச்சு அது. நான் 'அன்புள்ள மகனுக்கு' என்று அடிப்பேன். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதையும் முருங்கைக்காய் விலை இறங்கியதையும் அவள் ஒரு பாட்டம் சொல்வாள். நான் 'இங்கே அனைவரும் நலம்' என்று ஒரு வரியில் முடிப்பேன். அம்புட்டும் அடிச்சாச்சா என்று அவள் கேட்பாள். ஆச்சு என்பேன்.

இனி சொல்லப்போவது பெரியது.

கம்ப்யூட்டர் வந்த மறுவருடம் தவக்காலம் தொடங்கியபோது உன் அம்மா நெஞ்சில் ஒரு கட்டி இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். எத்தனை மாதமாக இருந்ததோ, அவள் சொன்னது அப்போதுதான். மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷன் செய்யவேண்டும், அதற்குப் பிறகு கரண்டு, அதாவது ரேடியேஷன், வைக்கவேண்டும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வந்தோம். வாடிப்பட்டி தாண்டியதும், "இன்னிக்கே கண்ணுக்கு எழுதிருங்க" என்றாள். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே இப்போது எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை.

"கண்ணு, அம்மாவுக்கு நெஞ்சுல ஒரு கட்டி வந்திருக்கு. அறுத்து எடுக்கோணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பயமில்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், பயமாத்தான் இருக்கு. முடிஞ்சா ஒருவாட்டி வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ. முடியலைன்னா முடியலைன்னு எழுது. வாரேன் வாரேன்னு இழுத்தடிக்காத."

இதைச் சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் அடித்தது இது: அன்புள்ள மகனுக்கு, இங்கே அனைவரும் நலம். வெயில் தொடங்கிவிட்டது. அம்மா உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வேலையில் கவனமாக இரு.

ஏன் என்று நீ கேட்பாய். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நீ போனில் சொல்லியிருந்தாய், விசா பேப்பர் மாற்றத்துக்குக் கொடுத்திருக்கிறேன், இப்போது ஊருக்கு வந்தால் திரும்பிப் போகமுடியுமா என்று தெரியாது என்று. அதைத்தான் அன்றைக்கு எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் அது இல்லை. ஆபீசில் நான் உன்னைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. நீ வேலையில்லாமல் திரும்பி வந்து நிற்பாய், அவர்கள் கேட்பார்கள் என்கிற பயம் எனக்கு இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதை எழுதக் கை கூசுகிறது. அவள் கேட்டது உன்னை. நான் பக்கத்திலேயே இருக்கிறேன், பஸ்ஸில் கூட்டிப்போகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், ஆனால் அவளுக்கு பயம் வந்ததும் உன் பெயர்தான் வாயில் வந்தது. நான் ஒருத்தன் போதாதா என்று எனக்கு இருந்தது.

ஒரு பொய் அடித்துவிட்டால் அதைக் காப்பாற்ற அடுத்தது வேண்டியிருந்தது. உன்னுடைய பதில் வந்தது. கார் வாங்கியதைப் பற்றியும் அங்கே பனி இன்னும் விழுவதைப் பற்றியும் எழுதியிருந்தாய். உன் அம்மா கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரையைப் பார்த்து, நீ எழுதாததை நீ எழுதியதாக வாசித்தேன். அம்மா தைரியமாக இரு, விசா கைக்கு வந்ததும் ஓடி வந்துவிடுவேன், டாக்டர் சொல்வதைக் கேள் என்று வாசித்தேன். அவள் முகம் அப்படியே இளகியது. இன்னொருவாட்டி படிங்க என்றாள். இன்னொரு முறையும் அதே மாதிரி சொல்லவேண்டுமே என்று தடுமாறி எப்படியோ சொல்லி முடித்தேன். போனில் அவனிடம் இதைப் பற்றிப் பேசாதே, அங்கே தனியாக இருக்கிறவன், உன் குரலில் கேட்டால் உடைந்துபோவான் என்றும் அவளிடம் சொல்லி வைத்தேன். அவள் சரி என்றாள். உனக்காக என்றால் அவள் எதற்கும் சரி என்பாள், அது எனக்குத் தெரியும்.

அவள் நோயோடு இருந்த பதினெட்டு மாதமும் நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்தாய். சாப்பிட்டியா கண்ணு, தூங்கினியா கண்ணு என்று அவள் கேட்பாள். பிறகு ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். லைனில் ஏதோ கோளாறு என்று நீ நினைத்து ஹலோ ஹலோ என்பாய். நீ கேட்பாய் என்றுதான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் அம்மா ஒட்டன்சத்திரம் போயிருக்கிறாள் என்று நான் உனக்குச் சொன்னேன். ஒருநாள் கரண்டு வைத்துவிட்டு வந்து படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டு, "லெட்டர்ல இம்புட்டு எழுதறவன் போன்ல ஏனுங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறான்?" என்றாள். கேட்டால் அழுதுவிடுவான் என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, அழுதா அழுதுட்டுப் போறான் என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

கடைசியில் டாக்டர் கைவிரித்த பிறகுதான் உனக்கு போன் செய்தேன். நீ வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உன் பெரிய மாமா உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். இப்பத்தான் வர நேரம் கிடைச்சுதாக்கும் என்று யாரோ பெண்கள் பக்கத்தில் சொன்னது உன் காதிலும் விழுந்தது. எல்லாரும் உனக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் நான் சொல்லி வைத்திருந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாய், "ஏம்ப்பா, அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயேப்பா" என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான், "உன்னக் கலக்கப்படுத்த வேணாம்னு அவளேதான் சொல்லிட்டா, அப்பு" என்றேன். செத்துப்போனவள் பேரில் அந்தப் பழியைப் போட்டேன். நீ தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாய். அன்றிலிருந்து நீ அம்மாவைப் பற்றிப் பேசும்போது உன் குரல் கொஞ்சம் இறுகிவிடுவதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது மெயில் விஷயத்துக்கு வருகிறேன். நீ திரும்பிப் போன இரண்டு மாதத்தில் உன் கம்பெனியை மூடினார்கள். அந்த ஆபீஸ் மெயிலில் இருந்த உன் கடிதங்கள் எல்லாம் ஒரே நாளில் போயின. நீ பதறிப்போய் எனக்கு போன் செய்தாய். அப்பா, அம்மா லெட்டர் எல்லாம் இனி உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் இலவசக் கணக்கு, இடமும் கொஞ்சம், திறக்காமல் விட்டால் அழித்துவிடுவார்கள், எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிடலாம் என்றாய். நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாய். மெயில் புரோகிராமைத் திறங்கள், புதுக் கணக்கு என்பதை அழுத்துங்கள், பெயரை அடியுங்கள், வரும் மெயிலுக்கு இந்த சர்வர், போகும் மெயிலுக்கு அந்த சர்வர். நெட் இணைப்பும் அதே டெலிபோன் லைனில்தான் என்பதால் போனை வைத்துவிட்டு இணைப்பு கொடுத்துப் பார்ப்பேன். பிழை என்று வரும். இணைப்பைத் துண்டிப்பேன், நீ மறுபடி கூப்பிடுவாய். நாலாவது முறைதான் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கமா அடித்திருந்ததைக் கண்டுபிடித்தோம். டைப்பிஸ்ட் அடிக்கிற தப்பாப்பா இது என்று நீ சிரித்தாய். அம்மா போன பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான். சர்வரிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்கிற கட்டத்தில் டிக் போடச் சொன்னாய், போட்டேன். பிறகு கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. நீ எழுதியவை எல்லாம் வந்துவிட்டன.

ஆனால் இந்த மாதிரி இறக்கினால் வந்த கடிதங்கள் மட்டும்தான் வரும், நாம் அனுப்பியவை வராது என்றும் நீ சொல்லியிருந்தாய். வெப்சைட்டுக்குள் போய், அனுப்பியவை இருக்கும் பெட்டியில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, இன்பாக்ஸுக்கு மாற்றிவிட்டு மறுபடி இறக்குங்கள், அம்மா லெட்டரும் வந்துவிடும் என்றாய். பத்து நிமிட வேலை. மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்தேன். அன்புள்ள மகனுக்கு, அன்புள்ள மகனுக்கு, அன்புள்ள மகனுக்கு என்று வரிசையாக நின்றன. அவளுடைய பேச்சு ஒரு வரிகூட அதில் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்த வாரம் நீ கேட்டபோது வந்துவிட்டது என்றேன். பிறகு நீயே எனக்கு வேறு பெரிய கணக்கு ஒன்று திறந்து கொடுத்தாய். பழையதை நான் திறக்கவே இல்லை. இன்னும் இத்தனை நாளில் திறக்காவிட்டால் எல்லாம் அழிக்கப்படும் என்று புதுக் கணக்குக்கு அறிவிப்பு வந்தது. படித்தேன். படித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த நாள் கடந்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை அப்பு, நிம்மதி வந்தது. சாட்சி அழிந்துவிட்டது என்கிற நிம்மதி. கோர்ட்டில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு அதன் பெயர் என்ன என்று தெரியாமல் இல்லை.

போன ஞாயிறு நீ கேட்ட பிறகு, என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். மெயில் புரோகிராமில் உன் கடிதங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் பதிலுக்குக் கீழே, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சின்னக் கொக்கிக் குறியோடு, நான் அனுப்பிய கடிதமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நீ பதில் எழுதிய எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான். அவற்றை வெட்டி எடுத்து, கொக்கியை நீக்கி, தேதி போட்டு, பிரிண்ட் எடுத்தேன். நாற்பத்தொரு பக்கம் வந்தது. கடையில் கொடுத்து நீல அட்டை போட்டு பைண்டு பண்ணி வாங்கி வந்துவிட்டேன். இதைக் கொடுத்தால் நீ சந்தோஷப்படுவாய், அந்தப் பெண்ணும் படித்துவிட்டு மாமியார் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார் என்பாள். யாருக்கும் எதுவும் தெரியாமலே போயிருக்கும். மேஜைமேல் வைத்துவிட்டு அதை முதலிலிருந்து படித்தேன். நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட 'கண்ணு' இல்லை. உன் பிள்ளைகள் நாளைக்கு இதைப் படித்து, இதுதான் எங்கள் பாட்டி என்று நினைப்பார்களே என்று தோன்றியது. அதை என்னால் செய்யமுடியவில்லை.

நேற்று ஒட்டன்சத்திரம் போனேன். உன் பெரிய மாமாவுக்குப் பத்திரிகை வைக்கப் போன மாதம் போயிருந்தபோது, அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பெத்தவ கூப்பிட்டு வராத பையன் கல்யாணத்துக்கு நான் எதுக்குங்க என்று சொல்லியிருந்தார். உனக்கு அதைச் சொல்லவில்லை. நேற்று மார்க்கெட்டில் கேரளா லாரிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "அஞ்சு வருசமா அந்தப் பையன வஞ்சுக்கிட்டு இருந்திருக்கறனே" என்றார். லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கல்யாணத்துக்கு வாரனுங்க. உங்களுக்காக இல்லீங்க" என்றார். அது போதும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

உனக்குக் கல்யாண புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், கெட்டுப்போனவன் சொல்வதாக எடுத்துக்கொள். உன் மனைவி சொல்ல நினைப்பதை அவளே சொல்லட்டும். அவளுக்காக நீ பேசாதே, அவள் பயத்தை நீ திருத்தி எழுதாதே. அவள் அழுதால் யாரிடம் அழவேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிக்கவேண்டும். காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன். அவளையும் காப்பாற்றவில்லை, உன்னையும் காப்பாற்றவில்லை.

அவள் கடைசியாகச் சொன்ன கடிதம் ஒன்று இருக்கிறது. அதை நான் திருத்தக்கூட இல்லை, அடிக்கவே இல்லை. அப்போது அவளால் எழுந்து உட்கார முடியாது. கட்டிலில் இருந்தபடியே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அடிச்சாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். திரை வெறுமையாக இருந்தது. அந்தக் கடிதத்துக்கு அவள் சொன்னது:

"கண்ணு, நான் கூப்பிட்டேன், உன்னால வர முடியல. அம்புட்டுத்தான். அதுக்காக நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டு அலையக் கூடாது. அம்மாவுக்கு உன்மேல கோவம் இல்ல. அப்பாவப் பாத்துக்க, அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

நீல அட்டைப் புத்தகத்தை அனுப்பமாட்டேன். அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிற வரைக்கும், நாயையும் முருங்கைக்காயையும் விடாமல், தமிழிலேயே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்று எழுதுகிறேன். உன் மனைவிக்குக் கொடுக்க அதுதான் இருக்கும்.

அடக்கம் முடிந்த பிறகு நீ இரண்டு முறை ஊருக்கு வந்தாய். இரண்டு முறையும் கல்லறைக்குப் போகவில்லை. நேரமில்லை என்றாய், நானும் ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. இந்த முறை மதுரையில் இறங்கியதும் மாமா வண்டியோடு வந்து நிற்பார், நான் வரமாட்டேன். நேராக அவளிடம் போ. அவள் உன்னிடம் மறைக்கவில்லை, உன்னைக் கூப்பிட்டாள். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமோ இரு. அதற்குப் பிறகு என்னை என்ன கேட்கவேண்டுமோ, வந்து கேள். இந்த முறை சாட்சிக் கூண்டில் நிற்பவனைப் போல, நீ கேட்பதற்கு மட்டும் உள்ளபடி பதில் சொல்வேன்.

அப்பா